பங்காளியும் மாமனும்: இடைக்காலத் தமிழ் அரசர் குடும்பங்களில் உறவும் போட்டியும்

(பனமரத்துப்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த எழுத்து வடிவம்)



“அரசர் குடும்பங்களில் உறவும் போட்டியும்” என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். ஐரோப்பாவில் இந்தத் தலைப்புக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சொல்லப்படுவது வேல்ஸ் நாடு. இங்கிலாந்தின் மேற்கே மலையும் கடலும் சூழ்ந்த சிறு நாடு அது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அங்கே ஆண்ட இளவரசர்கள் அண்ணன் தம்பிக்குள் அடித்துக்கொண்டு, கடைசியில் 1283இல் நாட்டையே ஆங்கில அரசனிடம் இழந்தார்கள். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அதே நூற்றாண்டுகளின் மதுரையும் கங்கைகொண்ட சோழபுரமும் எனக்கு நினைவுக்கு வரும். அதனால் இன்று நம் ஊர்ப் பக்கம் நின்று பேசுகிறேன். வேல்ஸ் அவ்வப்போது பக்கத்தில் வந்து நிற்கும்.

நம் வரலாற்று நூல்கள் அரசர்களின் உட்பகையைப் பெரும்பாலும் குணக்கேடாகவே சொல்கின்றன. ஒருவனுக்குப் பேராசை, இன்னொருவன் துரோகி, ஒற்றுமை இல்லை, நாடு போயிற்று என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. ஒரே வகைப் பேராசை நானூறு ஆண்டுகள் ஒரே வழியில் திரும்பத் திரும்ப வந்தால், அந்த வழியை யார் வெட்டி வைத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரியணைக்குப் போட்டியாளனைத் தந்தது பங்காளி உறவு. அந்தப் போட்டியாளனுக்குப் படை தந்தது மாமன், மச்சான் உறவு. இரண்டும் ஓரிடத்தில் சேரும்போது உள்நாட்டுச் சண்டை வெளிநாட்டுப் போராக மாறியது. ஆகவே உறவு முறிந்ததால் போர் வந்தது என்பது பாதி உண்மைதான். உறவு சரியாக வேலை செய்ததாலும் போர் வந்தது. இதை ஆறு செய்திகளாகச் சொல்கிறேன்.

1. ஆட்சி என்பது குடும்பச் சொத்து

இந்தப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்பன் விட்டுப்போன காட்டை நான்கு பிள்ளைகள் நான்காகப் பங்கு போடலாம். கிணற்றைப் பங்கு போட முடியாது. முறை வைத்துத்தான் இறைக்க வேண்டும். அரசர்களுக்கும் இதே சிக்கல்தான். நாடு காட்டைப் போன்றது, அரியணை கிணற்றைப் போன்றது. எதைப் பங்கு போடுவது, எதற்கு முறை வைப்பது என்பதில் ஒவ்வொரு குலமும் ஒவ்வொரு வழியைத் தேடியது.

போசளர்கள் காட்டையே பங்கு போட்டார்கள். சோமேசுவரன் 1254ஐ ஒட்டித் தன் நாட்டை இரண்டு மனைவியரின் பிள்ளைகளுக்குப் பிரித்தான். துவாரசமுத்திரம் சார்ந்த கன்னடப் பகுதி மூன்றாம் நரசிம்மனுக்குப் போனது. கண்ணனூரைத் தலைநகராகக் கொண்ட தமிழ்ப் பகுதி ராமநாதனுக்கு வந்தது. பின்னாளில் பாண்டியர் நெருக்கியபோது ராமநாதன் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணிக்கு இடம் மாறினான். பிறகு அண்ணனும் தம்பியும் ஒருவர் நாட்டின்மேல் ஒருவர் படை நடத்தினார்கள். ராமநாதனின் மகனுக்குப் பின் மூன்றாம் வல்லாளன் காலத்தில்தான் இரண்டு பங்கும் மறுபடி ஒன்றாயின. சேலம், தருமபுரிப் பகுதிகளில் கிடைக்கும் போசளக் கல்வெட்டுகளை வாசிக்கும்போது இந்தப் பாகப்பிரிவினை மனத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே காலத்தில் இரண்டு போசள மன்னர் எப்படி என்ற குழப்பம் வரும்.

பாண்டியர் வேறு வழி கண்டார்கள். ஒருவன் பேரரசனாக மதுரையில் இருப்பான்; உடன்பிறந்தாரும் நெருங்கிய பங்காளிகளும் வேறு நகரங்களில் முடிசூடி ஆள்வார்கள். அதனால்தான் பாண்டியர் கல்வெட்டுகளில் ஒரே காலத்தில் பல சடையவர்மர்களும் மாறவர்மர்களும் வந்து ஆய்வாளரைத் திணறடிக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ இந்த நாட்டை ஐந்து அரச சகோதரர்கள் ஆள்கிறார்கள் என்று எழுதினார்.

சோழர்கள் நாட்டைப் பங்கு போடவில்லை, முறை வைத்தார்கள். அதைப் பற்றி ஐந்தாம் செய்தியில் பேசுவேன்.

வேல்ஸில் பிள்ளைகளுக்கெல்லாம் நிலத்தில் பங்கு உண்டு. முறைப்படி மணம் செய்யாத பெண்ணுக்குப் பிறந்த பிள்ளையும் தகப்பன் ஏற்றுக்கொண்டால் பங்கு கேட்கலாம். குவினெத் பகுதியை ஆண்ட ஓவைன் 1170இல் இறந்தான். அந்த ஆண்டே அவன் மகனும் புலவனுமான ஹைவெல், மாற்றாந்தாய் மக்களான தாவித், ரோத்ரி ஆகியோரின் படையோடு நடந்த சண்டையில் கொல்லப்பட்டான். சங்க காலத்து நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும், பெற்ற பிள்ளைகளே எதிர்த்து நின்றதால் வடக்கிருந்து உயிர் விட்ட கோப்பெருஞ்சோழனும் நமக்குத் தெரிந்தவர்கள்தாம். பங்கு கேட்கும் உரிமை பிறப்போடு வருவது. அந்த உரிமை இருக்கும் வரை போட்டியாளனுக்குப் பஞ்சமே இல்லை.

2. பங்காளிக்குப் படை தந்தது தாய்வீடு

உரிமை மட்டும் இருந்தால் அரியணை கிடைக்காது, படை வேண்டும். அப்பனின் படையும் கருவூலமும் ஏற்கெனவே ஆள்பவன் கையில் இருக்கும். ஆகவே விட்டுப்போன பிள்ளை தாயின் பிறந்த வீட்டை நோக்கித்தான் ஓடுவான். பல மனைவியர் உள்ள அரச குடும்பத்தில் பிள்ளைகளுக்குத் தகப்பன் ஒருவன், மாமன்மார் பலர். பகை பிரிந்து நிற்கும் கோடு பெரும்பாலும் தாய்மாரின் ஊர்களின் வழியாகவே போகிறது.

முதல் ஆதித்த சோழனின் மனைவியரில் ஒருத்தி இராட்டிரகூட அரசன் இரண்டாம் கிருஷ்ணனின் மகள் என்றும், அவள் பிள்ளைதான் கன்னரதேவன் என்றும் வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். பாட்டனின் பெயரே பேரனுக்கு. 907இல் ஆதித்தனுக்குப் பின் முடி மற்றொரு மகனான பராந்தகனுக்குப் போனது. சில ஆண்டுகளில் கிருஷ்ணன் வாணரையும் வைதும்பரையும் சேர்த்துக்கொண்டு சோழ நாட்டின்மேல் வந்தான். திருவல்லம் போரில் பராந்தகனும் கங்க மன்னன் இரண்டாம் பிருதிவிபதியும் அவனைத் தோற்கடித்தார்கள். பேரனுக்கு நியாயம் கேட்டு வந்த பாட்டன் என்று பார்த்தால்தான் அந்தப் படையெடுப்பின் காரணம் விளங்கும்.

நம் கொங்கு நாட்டுக்கு நேரடித் தொடர்புள்ள நிகழ்ச்சி ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டின் இடையில் மதுரை அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் போட்டியிட்டார்கள். இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம் இந்தப் போரை விரிவாகச் சொல்கிறது. குலசேகரன் திரட்டிய படையில் திருநெல்வேலிப் படையோடு, அவன் தாய்மாமன் வழியில் வந்த தென்கொங்கு, வடகொங்குப் படைகளும் இருந்தன என்று அந்த நூல் கூறுகிறது. ஆகப் பாண்டியரின் பங்காளிச் சண்டையில் கொங்கு நாடு மாமன் வீடாக நின்றது. இந்தப் பக்கத்திலிருந்து வைகைக்கரைக்குப் போன வீரர்களுக்கு, மதுரையை யார் ஆளவேண்டும் என்பது கொள்கைச் சிக்கலாக இருந்திருக்காது. மருமகனுக்காகப் போகிறோம் என்பதே போதுமான காரணம்.

3. அழைத்து வந்தவன் திரும்பிப் போவதில்லை

அந்தப் பாண்டியர் போர் மேலும் எப்படி நடந்தது என்று பார்ப்போம். தமிழக வரலாற்றில் பங்காளிச் சண்டை பன்னாட்டுப் போராகப் பெருத்ததற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

குலசேகரன் மதுரையை முற்றுகையிட்டதும் பராக்கிரம பாண்டியன் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். தளபதி இலங்காபுரன் தலைமையில் படை புறப்பட்டது. அது வந்து சேருமுன்னே குலசேகரன் மதுரையைப் பிடித்துப் பராக்கிரமனை மனைவி மக்களோடு கொன்றுவிட்டான். அழைத்தவன் இறந்த பின்னும் இலங்கைப் படை நிற்கவில்லை. ராமேசுவரத்தைப் பிடித்து, உயிர் தப்பிய மகன் வீரபாண்டியனுக்காக என்று சொல்லி உள்நாட்டுக்குள் புகுந்தது. தோற்ற குலசேகரன் சோழன் இரண்டாம் ராஜாதிராஜனிடம் அடைக்கலம் போனான்.

இலங்கைப் படையைப் பற்றிய அச்சம் தொண்டை நாடு வரை பரவியிருந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டின்படி, எதிரிலிசோழச் சம்புவராயன் உமாபதிதேவர் என்ற சிவாசாரியாரை வேண்டிக்கொள்ள, அவர் 28 நாள் பூசை நடத்தினார். அதற்குக் காணிக்கையாக ஆர்ப்பாக்கம் ஊரே அவருக்கு அளிக்கப்பட்டது. பிறகு சோழப் படை வென்றது. இலங்கைத் தளபதிகளின் தலைகள் மதுரைக் கோட்டை வாசலில் ஆணி அடித்து வைக்கப்பட்டன என்று பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. குலசேகரன் அரியணை ஏறினான்.

அதோடு முடியவில்லை. குலசேகரன் இலங்கையோடு இரகசிய உறவு வைத்துக்கொண்டான் என்று சோழர்கள் குற்றம் சாட்டினார்கள். அவனை இறக்கிவிட்டு, இதுவரை எதிரியாக இருந்த வீரபாண்டியனையே மதுரையில் அமர்த்தினார்கள். வீரபாண்டியன் இலங்கைப் பக்கம் சாய்ந்ததும் மூன்றாம் குலோத்துங்கன் விக்கிரம பாண்டியன் என்ற இன்னொரு பங்காளியைக் கொண்டுவந்தான். பாண்டிய வேட்பாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மதுரையில் சோழப் படை இருந்தது மட்டும் மாறவில்லை. இறுதியில் குலோத்துங்கன் மதுரையிலேயே வீராபிடேகம் செய்துகொண்டான்.

அந்த அவமானம் பாண்டியர் மனத்தில் தங்கியது. மாறவர்மன் சுந்தரபாண்டியன் 1216இல் பட்டம் ஏறியதும் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். பிறகு சோழ நாட்டைச் சோழனிடமே திருப்பித் தந்ததாகத் தன் மெய்க்கீர்த்தியில் பொறித்துக்கொண்டான். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இரண்டு பங்காளிகளுக்குள் தொடங்கிய வழக்குக்குச் சோழப் பேரரசு கொடுத்த விலை அது.

சோழனுக்கு அப்போது கைகொடுத்தவர்கள் போசளர்கள். அவர்களும் பெண் கொடுத்து எடுத்த உறவினர்தாம். சோமேசுவரனைப் பாண்டியர் கல்வெட்டும் சோழர் கல்வெட்டும் மாமன் என்றே குறிக்கின்றன. அதே மாமனுக்கு எமன் கைத்தண்டாக இருப்பவன் என்று மூன்றாம் ராஜேந்திர சோழன் தனக்குப் பட்டம் சூட்டிக்கொண்டான். மாமன் கிணற்றுக்கு நடுவராக வந்து, பிறகு தானும் ஒரு முறை கேட்டால் மருமகன் என்ன செய்வான்?

4. மாமன் மகள் கல்யாணமும் ஒரு புதிய வாரிசும்

இப்போது நமக்கே உரிய ஒரு வழக்கத்துக்கு வருகிறேன். தாய்மாமன் மகளைக் கட்டுவது நம் பகுதியில் உரிமை. அரச குடும்பத்தில் அந்த உரிமை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தால் என்ன ஆகும்?

முதலாம் ராஜராஜனின் மகள் குந்தவை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியன் விமலாதித்தனை மணந்தாள். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன், தாய்மாமன் ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்கள் மகன், பின்னாளில் முதலாம் குலோத்துங்கன் எனப்பட்டவன், தன் தாய்மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். மூன்று தலைமுறை ஒரே வீட்டில் பெண் எடுத்த பின், வேங்கிப் பிள்ளைக்குச் சோழ அரண்மனை அயல் வீடாக இருக்க முடியாது. அப்பன் வழியில் அவன் சாளுக்கியன். அம்மா வழி, பாட்டி வழி, மனைவி வழி மூன்றிலும் சோழன்.

அப்பன் வழியில் அவனுக்குப் பிரச்சினை இருந்தது. ராஜராஜ நரேந்திரனுக்கு மாற்றாந்தாய் மகனாக விஜயாதித்தன் என்றொரு தம்பி. அவனுக்கு ஆதரவு கலியாணியிலிருந்த மேலைச் சாளுக்கியர். நரேந்திரனுக்கு ஆதரவு மாமன் ராஜேந்திர சோழன். 1061ஐ ஒட்டி நரேந்திரன் இறந்ததும் வேங்கி சிற்றப்பன் கைக்குப் போனது. சோழன் வீரராஜேந்திரன் பிறகு வேங்கியில் தலையிட்டபோதும் விஜயாதித்தனையே அங்கு அமர்த்தினான். மருமகனுக்கு மாமன் வீடு கைகொடுக்கவில்லை.

இதே வீரராஜேந்திரன் மேலைச் சாளுக்கியர் வீட்டுச் சண்டையிலும் புகுந்தான். அங்கே இரண்டாம் சோமேசுவரனுக்கும் தம்பி விக்கிரமாதித்தனுக்கும் பகை. வீரராஜேந்திரன் தன் மகளைத் தம்பிக்குக் கொடுத்து அவன் பக்கம் நின்றான். 1070இல் வீரராஜேந்திரன் மறைந்ததும் மருமகன் விக்கிரமாதித்தன் கங்கைகொண்ட சோழபுரம் வரை வந்து மச்சான் அதிராஜேந்திரனை அரியணையில் அமர்த்திவிட்டுப் போனான் என்று அவனுடைய அவைப்புலவர் பில்கணர் பாடியிருக்கிறார். சில வாரங்களிலேயே கலகத்தில் அதிராஜேந்திரன் கொல்லப்பட்டான். வேங்கிப் பிள்ளை வந்து சோழ அரியணை ஏறினான். சிற்றப்பனிடம் இழந்ததை மாமன் வீட்டில் எடுத்துக்கொண்டான் என்று சொல்லலாம். உடனே அவன் மேலைச் சாளுக்கிய அண்ணன் சோமேசுவரனோடு கைகோத்தான். இரண்டு அண்ணன் தம்பி வழக்குகள் மாமன், மச்சான் கோட்டில் பின்னிக்கொண்டு தென்னிந்தியாவையே இரண்டு அணியாக்கின. 1076இல் தம்பி விக்கிரமாதித்தன் அண்ணனை வீழ்த்திக் கலியாணியைப் பிடித்தான். குலோத்துங்கன் சோழ நாட்டை அரை நூற்றாண்டு ஆண்டான்.

இதற்கு வேல்ஸில் ஒரு நேரெதிர்ப் படம் உண்டு. முன்பு சொன்ன ஓவைன் தன் தாய்மாமனின் மகளான கிறிஸ்டினை மணந்தான். நம்மூரில் அது முறைப்பெண் கல்யாணம். பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டுவார்கள். அங்கே கத்தோலிக்கத் திருச்சபை அதை விலக்கப்பட்ட உறவு என்று சொல்லி ஓவைனைச் சமயவிலக்கு செய்தது. அவன் அவளை விடவில்லை. விலக்கு நீங்காமலே இறந்தான். நெருங்கிய உறவில் மணம் கூடாது என்றால் பெண்ணும் பெண் வழி ஆதரவும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். வேல்ஸ் இளவரசர்களுக்கு வெளி என்றால் இங்கிலாந்து. கிறிஸ்டினின் மகன் தாவித் 1174இல் ஆங்கில அரசன் இரண்டாம் ஹென்றியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தங்கையை மணந்தான். அவனை வீழ்த்திய அண்ணன் மகன் லிவெலின் 1205இல் ஆங்கில அரசன் ஜானின் மகள் ஜோனை மணந்தான். ஆக ஆங்கில அரசனே மாமனார் ஆனான். மாமனாரின் உதவி வந்த வழியிலேயே மாமனாரின் மேலாண்மையும் வந்தது.

5. முறை வைத்தவர்கள் தப்பித்தார்கள், முறை இருந்த வரை

சோழர்கள் இந்த ஆபத்தை அறிந்தே நடந்தார்கள். முதலாவது, அரசன் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு முடிசூட்டினார்கள். ராஜேந்திரன் 1012இல் தகப்பனோடு சேர்ந்து ஆளத் தொடங்கினான், ராஜாதிராஜன் 1018இல். இரண்டாவது, அண்ணனுக்குப் பின் தம்பி என்று முறை வைத்தார்கள். 1054இல் கொப்பம் போரில் ராஜாதிராஜன் யானைமேலேயே மாண்டபோது, தம்பி இரண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிப் போரை வென்றான். அவனுக்குப் பின் 1063இல் அடுத்த தம்பி வீரராஜேந்திரன். மூன்றாவது, காத்திருக்கும் பங்காளிகளுக்கு வேலை கொடுத்தார்கள். மதுரையில் சோழ பாண்டியன் என்ற பட்டத்தோடு ஒரு பிள்ளையை அமர்த்தினார்கள். இரண்டாம் ராஜேந்திரனின் கல்வெட்டு அவன் சிற்றப்பன், தம்பிமார், பிள்ளைகள், பேரன்மார் என ஒரு நீண்ட வரிசைக்குப் பட்டங்கள் வழங்கியதைப் பட்டியலிடுகிறது. வெறும் ஆடம்பரம் என்று அதைப் படித்துவிட்டுப் போகலாம். எனக்கு அது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம்.

இந்த ஒழுங்குக்கு முன் அவர்கள் பட்ட அடியும் உண்டு. சோழ மன்னன் கண்டராதித்தன் இறந்தபோது மகன் உத்தமன் சிறுபிள்ளை. முடி தம்பி அரிஞ்சயன் கிளைக்குப் போனது. அந்தக் கிளையில் சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். அதன்பின் முடி உத்தமனுக்கு வந்தது. 985இல் அவனுக்குப் பின் ராஜராஜன். கொலைக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய உடன்பிறந்தார் பெயர்கள் அதில் வருகின்றன. நிலம் பறிக்கப்படுவது அவர்களிடமிருந்து மட்டுமன்று. தம்பிமார், பிள்ளைகள், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என்று அரசாணை உறவுக் கொடியின் கடைசி நுனி வரை போகிறது. குற்றமும் பலமும் எந்த வழியாகப் பரவும் என்று சோழ அரசாங்கத்துக்கு மிக நன்றாகத் தெரிந்திருந்தது.

அதே ராஜராஜன், போட்டியாளனாக ஆகியிருக்கக்கூடிய உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனை என்ன செய்தான்? கோயில் காரியங்களைக் கண்காணிக்கும் உயர்ந்த பொறுப்பைக் கொடுத்தான். அந்தப் பங்காளி அந்தப் பொறுப்பில் பணியாற்றினான். பங்காளிகளைக் கொல்லாமலும் ஆளலாம் என்பதற்கு இது சான்று.

வேல்ஸில் லிவெலின் இப்படி ஒரு முறை கொண்டுவர முயன்றான். ஜோனுக்குப் பிறந்த தாவித் மட்டுமே வாரிசு என்று 1238இல் மற்ற தலைவர்களிடம் உறுதிமொழி வாங்கினான். மூத்த மகன் கிரிஃபித்துக்கு அதில் பங்கு இல்லை, தகுந்த வேலையும் இல்லை. அண்ணனைத் தம்பி சிறை வைத்தான். தம்பியின் மாமன் மூன்றாம் ஹென்றி அந்த அண்ணனைத் தன் கைக்கு மாற்றி லண்டன் கோட்டையில் வைத்துக்கொண்டான். தம்பி அடங்காவிட்டால் அண்ணனை அவிழ்த்துவிடலாம் அல்லவா? 1244இல் துணிகளை முடிந்து கயிறாக்கி இறங்க முயன்ற கிரிஃபித் விழுந்து இறந்தான். பங்கு கேட்பவனை விலக்கினால் மட்டும் போதாது, அவனுக்கு வேறொரு இடமும் வேண்டும். அந்த இடத்தை லிவெலின் ஏற்பாடு செய்யவில்லை.

6. முடிச்சைப் பிடித்திருந்த பெண்கள்

இதுவரை பெண்கள் கொடுக்கப்பட்டார்கள், எடுக்கப்பட்டார்கள் என்றே பேசினேன். அவர்கள் செய்த அரசியலையும் சொல்ல வேண்டும். பங்காளிக்கும் மாமனுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் உரிமையோடு பேசக்கூடிய ஒரே ஆள் பெண்தான். 1211இல் லிவெலினின் மாமனார் ஜானின் படை வேல்ஸுக்குள் புகுந்தபோது, கணவனுக்காகத் தகப்பனிடம் போய்ச் சமாதானம் பேசியவள் ஜோன். கிரிஃபித்தின் மனைவி செனானா 1241இல் சிறையிலிருந்த கணவனின் விடுதலைக்காகவும் பங்குக்காகவும் ஆங்கில அரசனோடு நேரில் ஒப்பந்தம் செய்துகொண்டாள். நம் பக்கத்தில் செம்பியன் மாதேவி கணவன் கண்டராதித்தன் இறந்த பின், மகனின் பகைக் கிளையாக ஆகியிருக்கக்கூடியவர்கள் ஆண்ட காலத்திலும், ராஜராஜன் ஆட்சியிலும், மதிப்புக் குறையாமல் கோயில்களைக் கற்றளியாக்கிக்கொண்டே இருந்தார். இரண்டு கிளைக்கும் பொதுவான பெரியவராக அவர் வாழ்ந்தது அரசியல் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

மார்க்கோ போலோ எழுதியது இன்னும் கூர்மையானது. ஐந்து சகோதரர்களும் மோதப் போகும்போது தாய் நடுவில் வந்து நிற்பாளாம். நிறுத்தாவிட்டால் உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துக்கொண்டு சாவேன் என்று கத்தியை எடுப்பாளாம். அவள் இறந்த பின் இவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வது உறுதி என்றும் அவர் எழுதி வைத்தார். அவர் கேட்டது அரண்மனை வதந்தியாக இருக்கலாம். ஆனால் அந்த நாட்டை ஆளும் ஒழுங்கு எழுத்தில் இல்லை, ஒரு தாயின் உயிரில் இருக்கிறது என்று ஒரு வெளியூர் வணிகருக்கே தெரிந்திருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்குள் அது நடந்தது. பாண்டியப் பேரரசன் மாறவர்மன் குலசேகரன் தன் இன்னொரு மகன் வீரபாண்டியனுக்கு முன்னுரிமை தந்ததால், பட்டத்தரசியின் மகன் சுந்தரபாண்டியன் 1310இல் தகப்பனையே கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அண்ணன் தம்பிப் போரில் லாபம் பார்க்கப் போசள வல்லாளன் தெற்கே வந்தான். அந்த நேரத்தில் மாலிக் காபூரின் டில்லிப் படை அவன் தலைநகரை நோக்கி வந்தது; 1311இல் மதுரை வரை போனது. அது போன பிறகும் சண்டை ஓயவில்லை. பாண்டியன் மகளை மணந்த வேணாட்டு ரவிவர்மன் குலசேகரன் மாமனார் நாட்டில் புகுந்து காஞ்சி வரை சென்று முடிசூடினான். அடுத்துக் காகதீயர் படை காஞ்சிக்கு வந்தது. 1323இல் மறுபடி டில்லிப் படை வந்தபோது எதிர்க்க ஒரு பாண்டியன் இருக்கவில்லை. பல பாண்டியர்கள் இருந்தார்கள். வேல்ஸின் முடிவும் இதே தன்மையது. கிரிஃபித்தின் மகன் லிவெலின் அண்ணனை இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறை வைத்தான். தம்பி தாவித் இருமுறை ஆங்கில அரசனிடம் ஓடினான். 1282இல் லிவெலின் கொல்லப்பட்டான். மறு ஆண்டு தாவித்துக்குத் தூக்கு.

அவையோரே, உறவு முறையே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று நான் சொல்லவில்லை. காவிரி நிலத்தின் வருவாய், கீழைக் கடல் வாணிகம், குதிரை இறக்குமதி, சம்புவராயர், காடவர் போன்ற சிற்றரசர்களின் கணக்கு எல்லாம் சேர்ந்தே போர்களை உண்டாக்கின. 1231இல் மூன்றாம் ராஜராஜனைச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்த காடவன் கோப்பெருஞ்சிங்கனுக்குப் பங்காளி உரிமை தேவைப்படவில்லை. (அது கடலூர்ப் பக்கத்துச் சேந்தமங்கலம், நம் நாமக்கல் சேந்தமங்கலம் இல்லை.) ஆனால் ஒரு போர் எப்போது வெடிக்கும், யார் யாரோடு சேர்வார்கள், எந்தப் படை எந்த வழியில் வரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பொருளாதாரத்தைவிட உறவுக் கொடி விரைவாக விடை தருகிறது.

அதனால் இளைய ஆய்வாளர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். நம் அரச மரபுப் பட்டியல்கள் எல்லாம் அப்பன், மகன் என்ற ஒற்றைக் கோட்டில் வரையப்பட்டவை. அதில் மாமன்கள் இல்லை, மருமகன்கள் இல்லை, மாற்றாந்தாய் மக்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். நாமக்கல் குடைவரையில் அதியர் குலத்தவர் பொறித்த எழுத்து முதல் தாரமங்கலத்துக் கெட்டி முதலியார் கல்வெட்டுகள் வரை இந்த வட்டாரத்தில் படிக்க நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றிலும் தானம் கொடுத்தவர் யாருடைய மகன் என்பதோடு நிறுத்தாமல், யாருடைய மருமகன், யாருக்கு மச்சான், அவருக்குப் பெண் கொடுத்தவர் எந்த ஊர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளை ஒரு வரைபடத்தில் இட்டால், அரசர்கள் எந்தத் திசையிலிருந்து உதவியை எதிர்பார்த்தார்கள், எந்தத் திசைக்கு அஞ்சினார்கள் என்பது தெரியும். கொங்கு நாட்டை வென்றவர்களின் பட்டியல் நம்மிடம் இருக்கிறது. கொங்கு நாடு யாருக்கெல்லாம் மாமன் வீடாக இருந்தது என்ற பட்டியல் இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதும் வேலை இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு உரியது.